மரக்காலும் மதிப்பெண்ணும்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. வேறு போர்டில் படித்த பிள்ளையின் மார்க்கை நம் பிள்ளையின் மார்க்கோடு எப்படி ஒப்பிடுகிறார்கள்? அதன் வரலாற்றைக் கொஞ்சம் சொல்கிறேன்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், நெல் அளக்க 'ஆடவல்லான்' என்ற மரக்கால் வருகிறது. அது 'ராஜகேசரி' மரக்காலுக்குச் சமம் என்றும் பொறித்திருக்கிறார்கள். ஒரே நெல்லை இரண்டிலும் அளந்தால் சமமா என்பது தெரிந்துவிடும். மார்க்கில் அது முடியாது. ஒரே பிள்ளை இரண்டு போர்டு பரீட்சையும் எழுதுவதில்லை. அதனால் கூட்டத்தோடு கூட்டத்தைத்தான் ஒப்பிட வேண்டியிருக்கிறது.

1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த நுழைவுத் தேர்வு, எல்லோருக்கும் பொதுவான ஒரு மரக்காலாக இருந்தது. ஆனால் கோச்சிங் போக வசதியில்லாத கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். மு. அனந்தகிருஷ்ணன் குழு அதைக் கைவிடச் சொன்னது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2007-இல் நுழைவுத் தேர்வு நீங்கியது.

பொது மரக்கால் போனதும், அந்தச் சட்டம் வேறு வழி சொன்னது. ஒவ்வொரு பாடத்திலும் மற்ற போர்டின் முதல் மார்க்கை நம் மாநில போர்டின் முதல் மார்க்குக்குச் சமமாக வைக்க வேண்டும். இங்கே முதல் மார்க் 100, அங்கே 90 என்றால், அங்கே 60 வாங்கியவருக்கு 66.66.

இங்கேதான் தலைகளின் எண்ணிக்கை முக்கியமாகிறது. மாநில போர்டில் லட்சக்கணக்கானோர் எழுதுகிறார்கள். முதல் மார்க் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறாது. கொஞ்சம் பேரே எழுதும் போர்டில் அப்படியில்லை. அந்த வருஷம் 96 வாங்கும் ஒரே ஒரு பிள்ளை கூடுதலாக இருந்துவிட்டால், அதே 60 வெறும் 62.5 ஆகிவிடும். அந்தப் பிள்ளை எழுதிய விடைத்தாளில் ஒரு வரிகூட மாறவில்லை! அரை மார்க்கில் கல்லூரி மாறும் கலந்தாய்வில் இது சின்ன விஷயமா?

2019 முதல் ஜே.இ.இ. மெயின் தேர்வில், ஒருவரின் மார்க்கும் அதற்குக் கீழும் எத்தனை சதவீதம் பேர் என்று பார்க்கிறார்கள். அங்கே ஒருவர் மார்க்கை நம்பி அளவுகோல் இல்லை. ஆனாலும் நூறு பேர் மட்டும் எழுதினால், ஒவ்வொரு ஆளும் ஒரு முழுப் புள்ளி. பல்லாயிரம் பேர் எழுதுவதால்தான் அது தசமத்தில் நிற்கிறது.

நுழைவுத் தேர்வு போனது நல்லதுதான் என்பது என் கருத்து. ஆனால் யார் சமன் செய்தாலும், "எத்தனை பேரை வைத்து?" என்று கேளுங்கள். ஒரு பிடி நெல்லைப் பார்த்து முழுக் களத்துக்கும் விலை பேச நம் டெல்டா விவசாயி சம்மதிப்பாரா?

அன்புடன்,
பூம்புகாரிலிருந்து உங்கள் ஆசிரியர்