படுக்கை இல்லாத வைத்தியம்

வீடு வீடாகப் போய் நரம்பு ஊசி போடும் நர்ஸ் நான். சர்க்கரைக்காரர் கால் புண், எலும்பில் இறங்கிய சீழ் என்று வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் ஏற்ற வேண்டியவர்களைக் கையில் வென்ஃப்ளான் ஊசிக்குழாயோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இது வெளிநாட்டுப் பழக்கம் என்பார் பலர். நரம்பு ஊசியைப் பொறுத்தவரை சரிதான். ஹூஸ்டனில் ரக்கர், ஹாரிசன் என்ற மருத்துவர்கள் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரிக்கு வெளியே மருந்து ஏற்றியதை 1974-ல் எழுதினார்கள். 1980-களில் நாளுக்கு ஒருமுறை போட்டால் போதும் என்ற செஃப்ட்ரையாக்சோன் வந்து வேலையைச் சுலபமாக்கியது.

ஆனால் கடும் தொற்றுக்குக் கட்டில் அவசியமில்லை என்று அதற்கு முன்பே காட்டிய ஊர் சென்னை.

அப்போது டி.பி. என்றால் சானடோரியம். தாம்பரத்தில் 1928-லேயே ஒன்று வந்துவிட்டது. காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு, இதுதான் வைத்தியம். படுக்கைக்கோ பெரும் பஞ்சம். 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. அங்கே டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் குழுவினர் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் தங்கள் நெருக்கடியான வீட்டுக்கே. இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஓராண்டு: ஐசோனியாசிட், பாஸ். சானடோரியத்தில் சாப்பாடு எவ்வளவோ மேல். ஆனாலும் 1959-ல் வெளிவந்த முடிவில் இரு பக்கமும் குணம் ஏறக்குறைய சமம். நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கும் தொற்று கூடவில்லை.

எல்லோரும் ஃபாக்ஸைப் புகழ்வார்கள். என் ஓட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டு வாசலில் போய் நின்று மாத்திரையை எண்ணிய மையத்து ஊழியர்களுக்கு. சிறுநீரையும் வாங்கிச் சோதித்தார்கள்; பாஸ் குமட்டும், தூக்கிப் போடத்தான் மனசு வரும். இன்றைக்கு என்னை அனுப்பும் ஏஜென்சியில் ஊசிக்குக் கணக்கு உண்டு, காய்ச்சல் இறங்கியதா என்று கேட்க ஆள் கிடையாது.

அடுத்து மையம் சோதித்தது ஸ்ட்ரெப்டோமைசின். இது இடுப்பு ஊசி. காது இரையும், தலை சுற்றும். வாரம் இருமுறை மட்டும் நோயாளி மையத்துக்கு வருவார், ஊசி போட்டுக்கொள்வார், ஐசோனியாசிட்டை ஊழியர் கண்ணெதிரே விழுங்குவார், வேலைக்குப் போய்விடுவார். தினமும் வீட்டில் தாங்களாக ஐசோனியாசிட்டும் பாஸும் சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்குக் குணம் கூடுதல் என்று 1964-ல் மையம் எழுதியது. பின்னால் 1990-களில் உலக சுகாதார நிறுவனம் ‘டாட்ஸ்’ என்று நாடு நாடாகக் கொண்டுபோன, கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறைக்கு இந்த இருமுறை ஊசி ஒரு முக்கிய வேர். பெயர் மாறிய அந்த மையம் இன்றும் சேத்துப்பட்டில்தான் இருக்கிறது.