திரும்பி வருவதன் விலை: இண்டியானா ஜோன்ஸ் படங்களின் 42 ஆண்டுக் கணக்கு

1980ஆம் ஆண்டு நவம்பரில் நியூயார்க் நகரில் ‘ஹெவன்ஸ் கேட்’ திரையிடப்பட்டது. மைக்கேல் சிமினோ இயக்கிய அந்தப் படத்துக்கு முதலில் ஒதுக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 1.1 கோடி டாலர்; முடிந்தபோது செலவு 4.4 கோடி டாலர். அமெரிக்கத் திரையரங்குகளில் அது 40 லட்சம் டாலரைக்கூட ஈட்டவில்லை. சாப்ளினும் மேரி பிக்ஃபோர்டும் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸும் கிரிஃபித்தும் 1919இல் தொடங்கிய யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் அடுத்த ஆண்டே எம்.ஜி.எம். வசம் சென்றது. ஒரு படத்தின் கணக்குப் புத்தகம் ஒரு நிறுவனத்தின் விதியைத் தீர்மானித்த நிகழ்வாக அமெரிக்கத் திரைப்பட வரலாறு இதனை இன்றும் நினைவில் வைத்திருக்கிறது.

அதே 1980இன் கோடைக் காலத்தில் படமாக்கப்பட்ட மற்றொரு படம், அந்நேரத்தில் இறுதிக்கட்டப் பணிகளில் இருந்தது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி, ஜார்ஜ் லூகாஸ் கதை அமைத்த ‘ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ 1981 ஜூனில் வெளிவந்து அவ்வாண்டின் மிகப் பெரிய வசூல் படமாயிற்று. அதன் செலவு ஏறத்தாழ 2 கோடி டாலர். அதே நாயகனின் ஐந்தாவது படமான ‘டயல் ஆஃப் டெஸ்டினி’ 2023இல் வெளிவந்தபோது அதன் செலவு 30 கோடி டாலரை ஒட்டியிருந்தது. உலக வசூலோ ஏறத்தாழ 38.4 கோடி. முதல் படம் மறுவெளியீடுகளையும் சேர்த்து ஈட்டிய தொகை ஏறத்தாழ 39 கோடி. நாற்பத்திரண்டு ஆண்டு இடைவெளியில் இரு படங்களின் வசூல் எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாகவே நிற்கின்றன. செலவு மட்டும் பதினைந்து மடங்காகியிருக்கிறது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும் வேறுபாடு மறைவதில்லை. 1981இன் 2 கோடி டாலர் 2023இன் மதிப்பில் ஏறத்தாழ 6.7 கோடிதான். எனவே உண்மை மதிப்பில் செலவு நான்கு மடங்குக்கு மேல் பெருகியது. இந்தப் பெருக்கம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி, பழைய சாகசப் படங்களின் காலந்தாழ்ந்த தொடர்ச்சிகள் அனைத்துக்கும் பொருந்தும்.

‘ரெய்டர்ஸ்’ படத்தின் சிக்கனம் தற்செயலானதன்று. அதற்கு முன் ஸ்பீல்பெர்க் எடுத்த ‘1941’ ஒதுக்கீட்டையும் கால அட்டவணையையும் வெகுவாக மீறியிருந்தது. அதனால் ஸ்டுடியோக்கள் அவரை ஐயத்தோடு நோக்கின. லூகாஸ் முன்வைத்த நிபந்தனைகளும் பல நிறுவனங்களுக்கு ஏற்புடையனவாக இல்லை. பாரமவுண்ட் சார்பில் மைக்கேல் ஐஸ்னர் அவற்றை ஏற்றபோது, தொடர்ச்சிப் படங்களின் உரிமையோடு, நாளோ செலவோ மீறினால் கடுமையான தண்டத் தொகை என்ற விதியையும் சேர்த்துக்கொண்டார். அதிகாரபூர்வ அட்டவணை 85 நாள். படப்பிடிப்பு 73 நாளில் முடிந்தது. பிரான்சின் லா ரோஷெல் துறைமுகத்தில் ‘தாஸ் போட்’ என்ற ஜெர்மானியப் படத்துக்காகக் கட்டப்பட்ட நீர்மூழ்கிக் கப்பல் வாடகைக்குப் பெறப்பட்டது. சுரங்க வண்டித் துரத்தல், விமானத்திலிருந்து ரப்பர் படகில் குதித்தல் ஆகிய காட்சிகள் திரைக்கதையிலிருந்து நீக்கப்பட்டு இரண்டாம் படத்துக்கு ஒத்திவைக்கப்பட்டன. துனிசியாவில் வயிற்றுக்கடுப்பால் அவதிப்பட்ட ஹாரிசன் ஃபோர்டு நீண்ட வாள் சண்டைக்குப் பதிலாகத் துப்பாக்கியால் ஒரே ஒரு முறை சுட்டு முடிக்கும் காட்சி, பற்றாக்குறையிலிருந்து பிறந்து உலகப் புகழ் பெற்றது.

இச்சிக்கனத்துக்கு ஒரு வமிசாவளியும் உண்டு. லூகாஸும் ஸ்பீல்பெர்க்கும் மனத்தில் கொண்டிருந்தவை 1930களிலும் 1940களிலும் ரிபப்ளிக் போன்ற சிறு நிறுவனங்கள் தயாரித்த வாராந்தரத் தொடர்படங்கள். குறைந்த செலவில், விரைவாக எடுக்கப்பட்டு, ஒவ்வொரு வாரமும் நாயகனைச் சாவின் விளிம்பில் நிறுத்திவிட்டு முடியும் படங்கள் அவை. ‘ரெய்டர்ஸ்’ படத்தில் ஓடும் லாரியின் அடியில் நாயகன் இழுபட்டுச் செல்லும் காட்சி, அத்தொடர்களிலும் 1939இன் ‘ஸ்டேஜ்கோச்’ படத்திலும் சண்டைக் கலைஞர் யகிமா கனட் செய்து காட்டிய சாகசத்துக்குச் செலுத்திய மரியாதை. சண்டைக் கலைஞர் டெரி லெனார்ட் தம் உடலால் அதனை மீண்டும் செய்தார். மலிவான ஒரு கலைவடிவத்தின் வேகத்தைத் தரமான தொழில்நுட்பத்தோடு இணைத்ததே அப்படத்தின் புதுமை.

இரண்டாம் படமான ‘டெம்பிள் ஆஃப் டூம்’ 1984இல் வந்தது, செலவு 2.8 கோடி டாலர். இந்திய வாசகர்களுக்கு அதன் தயாரிப்பு வரலாறு தனி முக்கியத்துவம் உடையது. ஆமேர் கோட்டை உள்ளிட்ட இடங்களில் படமெடுக்கத் திட்டமிட்ட குழுவினரிடம் இந்திய அரசு திரைக்கதை மாற்றங்களையும் இறுதி ஒப்புதல் உரிமையையும் கோரியது. குழு இலங்கைக்கு இடம் பெயர்ந்து கண்டிப் பகுதியில் படமெடுத்தது. அரண்மனையும் பலிக்கோயிலும் இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் அரங்குகளாக எழுந்தன. விளைவாக, வட இந்தியச் சிற்றூராகக் காட்டப்படும் இடத்தின் மக்கள் திரையில் சிங்களம் பேசுகின்றனர். ஊர்ப் பூசாரியாக நடித்தவர் இலங்கைக் கலைஞர் டி.ஆர். நானாயக்கார. வில்லன் மோலாராமாக அம்ரிஷ் புரி நடித்தார். குரங்கு மூளையும் கண்விழிச் சாறும் பரிமாறப்படும் விருந்துக் காட்சி காலனியக் கற்பனையின் எச்சமாக இங்கே கடுமையாக விமர்சிக்கப்பட்டது. படம் இந்தியாவில் சிறிது காலம் தடைசெய்யவும் பட்டது. ஒரு நாட்டைப் பற்றிய படம் அந்நாட்டில் கால் வைக்காமலே எடுக்கப்படலாம் என்பதையும், உண்மையான நிலப்பரப்பைவிட அரங்கும் ஓவியத் திரையும் தயாரிப்பாளருக்கு எளியவை என்பதையும் அது உணர்த்தியது. பின்னாளில் கணினி வரைகலை எடுத்துக்கொண்ட இடத்துக்கு இது ஒரு முன்னோடி.

1989இல் 4.8 கோடி டாலர் செலவில் ‘லாஸ்ட் க்ரூசேட்’ வந்தது. நாயகனின் தந்தையாக நடித்த ஷான் கானரி ஃபோர்டைவிடப் பன்னிரண்டே வயது மூத்தவர். அஸ்தமனச் சூரியனை நோக்கிக் குதிரைகள் ஓடும் காட்சியோடு படம் முடிந்தது. மூவர் கூட்டணி அதனை நிறைவாகவே கருதியது என்பதற்கு அக்காட்சியே சான்று.

அதன்பின் பத்தொன்பது ஆண்டு இடைவெளி. 2008இன் ‘கிங்டம் ஆஃப் தி கிரிஸ்டல் ஸ்கல்’ காலத்தைக் கையாண்ட விதம் கவனிக்கத்தக்கது. மூன்றாம் படத்தின் கதை 1938இல் நிகழ்கிறது. நான்காவதன் கதை 1957இல். திரைக்கு வெளியே கடந்த அதே பத்தொன்பது ஆண்டுகள் கதைக்குள்ளும் கடந்தன. நடிகரின் முதுமை மறைக்கப்படவில்லை. நாஜிகளின் இடத்தில் சோவியத்துகளும், தொல்பொருளின் இடத்தில் அணு யுகத்தின் அச்சங்களும் வந்தன. செலவு 18.5 கோடி டாலர். மூன்றாம் படத்தின் செலவைப் பணவீக்கத்துக்கேற்ப உயர்த்தினாலும் 8.3 கோடி அளவிலேயே நிற்கும். ஆகவே இங்கேயே இரு மடங்குப் பெருக்கம் நிகழ்ந்துவிட்டது. ஆயினும் ஸ்பீல்பெர்க், லூகாஸ், ஃபோர்டு மூவரும் பெரிய முன்பணத்தைத் தவிர்த்து, ஸ்டுடியோவின் செலவு மீண்ட பின்னரே இலாபத்தில் பங்கு பெற இசைந்தனர். வசூல் ஏறத்தாழ 79 கோடியை எட்டியதால் அந்த ஏற்பாடு அனைவருக்கும் பயன் தந்தது. விமர்சகர்களும் பழைய இரசிகர்களும் படத்தைக் குறைகூறினர். கணக்குப் புத்தகம் குறைகூறவில்லை. தாமதமாக வரும் தொடர்ச்சி எப்படியும் விற்கும் என்ற நம்பிக்கைக்கு அந்த வெற்றி வலுவூட்டியது.

2012இல் டிஸ்னி நிறுவனம் லூகாஸ்ஃபிலிமை 405 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு இண்டியானா ஜோன்ஸ் வரிசையின் எதிர்காலப் படங்களை வெளியிடும் உரிமையையும் பாரமவுண்டிடமிருந்து பெற்றது. பாரமவுண்டுக்கு அவற்றின் வருவாயில் பங்கு உண்டு என்பது உடன்பாடு. இந்நிகழ்வு பொருளாதாரத் தர்க்கத்தையே மாற்றியது. 1981இல் ஒரு படம் தன் செலவை மீட்டால் போதும். 2012க்குப் பிறகோ ஒவ்வொரு படமும் முன்னரே பெருவிலை கொடுத்து வாங்கிய ஒரு சொத்தின் வட்டியைப் போலப் பார்க்கப்பட்டது. சொத்தைச் சும்மா வைத்திருக்க இயலாது. அதே வேளை அதன் பெயரைக் கெடுக்கவும் இயலாது. இந்த இரட்டை நெருக்கடியே தாமதத்தை வளர்த்தது.

ஐந்தாம் படம் 2016 மார்ச்சில் அறிவிக்கப்பட்டபோது 2019 ஜூலையில் வெளிவரும் எனக் கூறப்பட்டது. பின்னர் தேதி பலமுறை தள்ளிப்போய் 2023 ஜூனில் நின்றது. டேவிட் கோப், ஜொனாதன் காஸ்டன் ஆகியோர் அடுத்தடுத்து எழுதினர். 2020இல் ஸ்பீல்பெர்க் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலக, ஜேம்ஸ் மேன்கோல்ட் ஏற்றுப் புதிய எழுத்தாளர்களுடன் கதையை மீண்டும் அமைத்தார். 2021 கோடையில் பெருந்தொற்றுக்காலக் கட்டுப்பாடுகளுக்கிடையே படப்பிடிப்பு தொடங்கிய சில நாள்களில் ஃபோர்டின் தோளில் காயம் ஏற்பட்டு அட்டவணை மாறியது. 1983இலும் அவருக்கு முதுகுத்தண்டு பாதிப்பு ஏற்பட்டுச் சிகிச்சைக்காக அமெரிக்கா திரும்ப நேர்ந்தது. அப்போது சண்டைக் கலைஞர் விக் ஆர்ம்ஸ்ட்ராங்கை வைத்து வேலை தொடர்ந்தது. எண்பதை நெருங்கும் ஒரு நடிகரின் முகமே படத்தின் முதன்மைச் சொத்தாக இருக்கும்போது அவ்வாறு ஈடுசெய்வது எளிதன்று.

அந்த முகத்தைச் சுற்றியே பெருஞ்செலவும் அமைந்தது. படத்தின் முதற்பகுதி 1944இல் நிகழ்கிறது. அதில் ஃபோர்டை நடுவயதினராகக் காட்ட, லூகாஸ்ஃபிலிம் காப்பகத்தில் இருந்த பழைய படச்சுருள்களைக் கொண்டு முகத்தை இளமையாக்கும் நுட்பத்தை இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் கையாண்டது. ‘ரெய்டர்ஸ்’ உருவானபோது படமாக்கப்பட்டவை நிகழ்கால உடல்கள். 2023இல் கடந்தகால உடலை மீட்பதற்கே பணம் செலுத்த வேண்டியிருந்தது. காலந்தாழ்ந்த தொடர்ச்சியின் செலவு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. கூடுதல் பணத்தின் கணிசமான பகுதி இழந்த ஆண்டுகளை ஈடுகட்டவே செலவாகிறது.

இங்கே ஒரு சான்றாதாரச் சிக்கலையும் ஆய்வாளர்கள் கருத வேண்டும். ஸ்டுடியோக்கள் வெளியிடும் பட்ஜெட் எண்கள் நடுநிலையான தரவுகள் அல்ல. 1960களில் ‘கிளியோபாட்ரா’ போன்ற படங்களின் பெருஞ்செலவு விளம்பரமாகவே பயன்பட்டது. இன்று பெருஞ்செலவு பங்குதாரர்களிடம் மறைக்க வேண்டிய செய்தி. இதற்கு ஓர் எதிர்பாராத சாளரம் திறந்தது பிரிட்டனில். அந்நாட்டின் திரைப்பட வரிச் சலுகையைப் பெற ஒவ்வொரு படத்துக்கும் பொறுப்பான தயாரிப்பு நிறுவனம் அங்கே இருக்க வேண்டும். அந்நிறுவனத்தின் ஆண்டுக் கணக்குகள் பொதுப் பதிவேட்டில் வெளியாகும். ‘டயல் ஆஃப் டெஸ்டினி’ படத்தின் செலவு 30 கோடி டாலரைத் தாண்டியதும், 2015இன் ‘ஸ்டார் வார்ஸ்: தி ஃபோர்ஸ் அவேகன்ஸ்’ 40 கோடிக்கு மேல் விழுங்கியதும் இவ்வழியிலேயே தெரியவந்தன. சலுகை கழித்த நிகரச் செலவா, மொத்தச் செலவா என்பதைப் பொறுத்து எண்கள் மாறும். பட்ஜெட்டை மேற்கோள் காட்டும் எந்த ஆய்வும் இவ்விரண்டில் எதைக் குறிக்கிறது என்று சொல்லியாக வேண்டும். வசூலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: டிக்கெட் விற்பனையில் ஏறத்தாழ பாதி திரையரங்குகளுக்குச் செல்வதால் 38.4 கோடி வசூல் 30 கோடிச் செலவை மீட்கவில்லை. விளம்பரச் செலவு அதற்கும் மேல்.

தாமதமே தோல்விக்குக் காரணம் என்று முடிவுகட்டுவது அவசரமாகும். 36 ஆண்டுக்குப் பின் வந்த ‘டாப் கன்: மேவரிக்’ 2022இல் ஏறத்தாழ 149 கோடி டாலர் ஈட்டியது. முப்பது ஆண்டு இடைவெளிக்குப் பின் 2015இல் வந்த ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’ வசூலில் மிதமாகவே நின்றாலும் ஆறு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது, அதன் முன்கதையான ‘ஃப்யூரியோசா’ 2024இல் வணிகத் தோல்வியடைந்தது. வெற்றி பெற்ற இவ்விரு படங்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. உண்மையான விமானங்களையும் உண்மையான வாகனங்களையும் அவற்றுள் இருக்கும் மனித உடல்களையும் அவை படமாக்கின. ஒன்றில் நாயகனின் வயது கதையின் கருவாயிற்று. மற்றதில் நாயகனாக வேறொரு நடிகர் வந்தார். கடந்தகாலத்தை அப்படியே மீட்டுத் தரும் சுமையை அவை ஏற்கவில்லை.

இவ்வரலாற்றில் இழப்பு எவருக்கு என்ற கேள்வியே இறுதியில் எஞ்சுகிறது. 30 கோடி டாலர் படம் தோற்றால் பெருநிறுவனம் அழிவதில்லை. 1981இன் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கதை மீள்வதில்லை. ஆனால் அத்தொகையில் ‘ரெய்டர்ஸ்’ அளவிலான நான்கு படங்களை இன்றைய மதிப்பில் எடுத்திருக்கலாம். நாற்பது வயதை எட்டாத ஒரு நடிகருக்கும், முந்தைய படத்தில் தடுமாறிய ஓர் இயக்குநருக்கும், முன்கதையே இல்லாத ஒரு பாத்திரத்துக்கும் கடும் நிபந்தனைகளோடு வாய்ப்பளித்த அமைப்பு இன்று சுருங்கிவிட்டது. அடுத்த தலைமுறை எந்தப் பாத்திரத்தின் முதுமையைக் காண ஏங்கும் என்பது, இப்போது எத்தனை புதிய பாத்திரங்கள் பிறக்கின்றன என்பதைப் பொறுத்தது. ‘டயல் ஆஃப் டெஸ்டினி’ படத்தின் முடிவில், பண்டைய சைரக்யூஸ் நகரிலேயே தங்கிவிட விரும்பும் முதிய தொல்லியலாளரை, அவருடைய ஞானமகள் வலுக்கட்டாயமாக நிகழ்காலத்துக்கு அழைத்து வருகிறாள். அப்படத்தைத் தயாரித்தவர்கள் தம் கதை சொன்ன பாடத்தைத் தம் கணக்கேட்டில் எழுத மறந்தனர்.