வலப்புற இதயமும் இதயத் தமனி நோயும்

டெக்ஸ்ட்ரோகார்டியா எனப்படும் வலப்புற இதயம், இதய நுனி வலப்பக்கம் நோக்கிய பிறவி அமைப்பு. ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இது காணப்படும். இதயத் தமனி அடைப்பு மற்றவர்களைப் போலவே இவர்களுக்கும் வரும்.

இவ்வமைப்பை முதலில் குறித்தவராக நேப்பிள்ஸ் நகர மருத்துவர் மார்க்கோ அவுரேலியோ செவெரினோ (1643) கொள்ளப்படுகிறார். நெஞ்சு, வயிற்று உறுப்புகள் அனைத்தும் இடம் மாறிய உடலை லண்டனில் அறுத்தாய்ந்து 1788இல் விவரித்தவர் மாத்யூ பெய்லி. உறுப்பு இடமாற்றம், மூச்சுக்குழாய் விரிவு, சைனஸ் அழற்சி மூன்றும் சேர்ந்து வருவதை 1904இல் மருத்துவர் சீவெர்ட் எழுதியிருந்தும், அந்நோய்க்குறியின் பெயர் என்னவோ 1933இல் எழுதிய சூரிச் மருத்துவர் கார்ட்டகெனருக்கே போயிற்று.

கல்லீரல் இடப்பக்கமும் மண்ணீரல் வலப்பக்கமும் மாறி, இதயமும் கண்ணாடிப் பிம்பமாக அமைவது ஒரு வகை. வயிற்று உறுப்புகள் மாறாமல் இதயம் மட்டும் திரும்பியிருப்பது மற்றொன்று. இதில் பிற பிறவிக் குறைகள் மிகுதி. நுரையீரல் சுருங்கி இதயம் வலப்பக்கம் இழுபடுவதை டெக்ஸ்ட்ரோகார்டியாவில் சேர்ப்பது பிழை.

பிம்ப வகையில் மாரடைப்பு வலி வலப்பக்க நெஞ்சில் தோன்றி வலக்கைக்குப் பரவலாம். ஈசிஜியின் முதல் இணைப்பில் அலைகள் தலைகீழாக வரும். கை ஒயர்களை மாற்றி மாட்டினாலும் அப்படித்தான் வரும்; ஆனால் அப்போது நெஞ்சு இணைப்புகள் இயல்பாக இருக்கும். வலப்புற இதயத்திலோ அவற்றின் அலை உயரம் இடப்பக்கம் போகப் போகக் குறையும். கை ஒயர்களை இடம் மாற்றி, நெஞ்சு மின்வாய்களை வலப்பக்கம் ஒட்டி மீண்டும் எடுத்தால்தான் அடைப்பைச் சரியாகக் கணிக்க முடியும்.

ஆஞ்சியோகிராமில் வழக்கமான கதீட்டரே போதும். அதைத் திருப்பும் திசைதான் எதிர். வலத் தமனியைப் பிடிக்க வழக்கமாகக் கடிகாரத் திசையில் திருப்புவார்கள், இங்கே எதிர்த்திசையில். திரையில் தெரியும் படத்தை இடவலமாகப் புரட்டிவிட்டு வேலை செய்வதும் ஒரு முறை. பைபாஸில் அறுவை மருத்துவர் மேசையின் இடப்பக்கம் நிற்பது வசதி. முன்னிறங்கு தமனிக்கு இட மார்புத் தமனிக்குப் பதில் வலப்பக்கத்தது பயன்படும்.

இப்போது சிகிச்சைக்கு முன் அமைப்பை அறிய சிடி ஆஞ்சியோகிராமும் எடுக்கப்படுகிறது.