சிற்றில் முதல் செல்போன் பண்ணை வரை

பள்ளி விட்டு வந்ததும் நம் குடியிருப்புப் பிள்ளைகள் சிலர் செல்போனில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். சுடுவதும் துரத்துவதும் இல்லை. கோழி வளர்க்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பரிசு கொடுக்கிறார்கள். "இதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று கேட்கும் தாத்தா பாட்டிகளுக்குத்தான் உண்மையில் இது நன்கு தெரிந்த விளையாட்டு.

இதற்கு நம் தொண்டை நாட்டிலேயே பழைய சான்று இருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், உழவர் ஊர் ஒன்றில் பிள்ளைகள் தச்சர் செய்து கொடுத்த சிறுதேரை உருட்டுகிறார்கள். ஏறிச் செல்ல முடியாத தேர் அது. உருட்டிக் களைத்ததும் பால் குடித்துத் தூங்கிப் போகிறார்கள்.

சிறுமியருக்குச் சிற்றில். மணலில் வீடு கட்டி, மணலையே சோறாக்கிப் பரிமாறுவது. வம்புக்கார பையன்கள் அன்றும் இருந்தார்கள். கலித்தொகையில் ஒருவன் அதைக் காலால் சிதைக்கிறான். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள், சிற்றிலைச் சிதைக்காதே என்று கண்ணனிடம் மன்றாடுகிறாள். ஆண்பால் பிள்ளைத்தமிழில் இதற்கென்றே சிற்றில் பருவம் வகுத்துவிட்டார்கள். சிதைந்தால் அழுகை வரும், கோபம் வரும். ஆனாலும் மணல் அங்கேயே இருக்கிறது, மறுபடி கட்டலாம். சேயாற்றங்கரை ஊரான மாகறலில் இதை விளக்க வேண்டியதில்லை.

விளையாட்டு வேலையாக மாறினால் என்ன ஆகும் என்பதையும் நம் வட்டாரம் பார்த்திருக்கிறது. கோர்வைப் பட்டுச் சேலைக்குத் தறியில் நெசவாளருடன் இன்னொருவரும் வேண்டும், கரைக்கான நாடாவைத் தள்ளிக் கொடுக்க. காஞ்சிபுரம் பகுதியில் அந்த இடத்தில் வெகுகாலம் பல சிறுவர்கள் உட்கார்ந்தார்கள். முன்பணக் கடனுக்காக உட்கார்ந்தவர்களும் உண்டு. அவர்களும் பெரியவர்கள் செய்வதைத்தான் செய்தார்கள். ஆனால் அங்கே தவறினால் நஷ்டம், திட்டு. பிழை செய்து பார்க்கும் உரிமை இல்லாத இடத்தில் குழந்தை கற்பது மிகக் குறைவு என்பது என் எண்ணம்.

அந்த உரிமையைத் திரைக்குள் கொண்டு வந்தவர்களில் ஒருவர் யசுஹிரோ வாடா. ஜப்பானின் கிராமப்புறத்தில் வளர்ந்து டோக்கியோவுக்கு வேலைக்கு வந்தவர். ஊர் ஏக்கத்தில் 1996இல் 'ஹார்வெஸ்ட் மூன்' பண்ணை விளையாட்டை உருவாக்கினார். 2001இல் வந்த 'அனிமல் கிராசிங்' பிறந்ததும் இப்படித்தான். அதை உருவாக்கிய கட்சுயா எகுச்சி குடும்பத்தைப் பிரிந்து கியோட்டோவில் குடியேறியவர். அதில் நிஜக் கடிகாரம்தான் ஓடும். இன்று நட்ட கன்று மரமாகச் சில நாள் காத்திருக்க வேண்டும். வீட்டுக் கடனும் உண்டு, வட்டியோ தவணைத் தேதியோ கிடையாது! (நம்மில் பலர் பெருமூச்சு விடலாம்.)

காத்திருப்பது, கொஞ்சம் சேமிப்பது, காய்ந்த பயிருக்குப் பதில் வேறு நடுவது: பிள்ளைகளுக்கு இதில் கிடைக்கும் பயிற்சி இவைதான். இதற்கு மேல் பெரிதாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். 2020இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இரண்டு விளையாட்டுகளை ஆடிய 3,274 பேரைப் பார்த்தார்கள். அதிக நேரம் ஆடியவர்களின் மனநிலை சற்று மேலாக இருந்தது. அவர்கள் எல்லோரும் பெரியவர்கள். 2022இல் ஏறத்தாழ 39,000 பேரிடம் பார்த்தபோது, ஆடும் நேரத்தால் நன்மையோ தீமையோ பெரிதாகத் தெரியவில்லை.

ஆகவே மணிக்கணக்கை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் உட்கார்ந்து "உன் பண்ணையைக் காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். என்ன நட்டான், ஏன் நட்டான் என்று பிள்ளை பேசத் தொடங்கும். பணம் கேட்கும் பொத்தான்கள் இருந்தால் அதுவும் அப்போதே கண்ணில் படும்.

இன்னொன்று. வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டிய மணல் திட்டுக்கும் பேவர் பிளாக் போடும் யோசனை அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. மாலையில் ஐந்தாறு சின்னப் பிள்ளைகள் அங்கேதான் வீடு கட்டுகிறார்கள். கைதூக்குவதற்கு முன் ஒரு மாலை அந்தப் பக்கம் நடந்து பாருங்கள்.