சுவரும் பாடம் சொல்லும்

பள்ளிக்கூடம் என்றதும் ஆசிரியரை நினைக்கிறோம், பாடநூலை நினைக்கிறோம், பிரம்பை நினைத்துக்கொள்பவரும் சிலர் இருக்கக்கூடும்! சுவரை நினைப்பவர் யார்? சாளரம் எப்பக்கம் இருந்தது, கரும்பலகை எவ்வளவு உயரத்தில் மாட்டப்பட்டிருந்தது, கடைசி வரிசையில் எவனை உட்கார வைத்தனர் என்று எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

ஆசிரியர் வாய் திறக்குமுன்பே சுவர் தன் பாடத்தைத் தொடங்கிவிடுகிறது. "இங்கே உட்கார், அங்கே பார், அசையாதே, உன் இடம் இதுதான்" என்று அது ஓசையின்றி ஓதுகிறது. கணக்கை மறந்தவர் உண்டு, இலக்கணத்தை மறந்தவர் உண்டு. ஆனால் பள்ளியில் தமக்குக் கிடைத்த இடத்தை மறந்தவர் இல்லை!

ஒவ்வொரு காலமும், குழந்தையைப் பற்றித் தான் கொண்டிருந்த கருத்தைச் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டி வைத்தது. அந்தக் கட்டடத்துக்குள் அமர்ந்த குழந்தை, பாடத்தோடு சேர்த்து அந்தக் கருத்தையும் கற்றுக்கொண்டது. வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்காட்ட விழைவது இதுவே. அந்த வரலாற்றின் முதல் ஏடு நம் ஊர்த் திண்ணையில் விரிகிறது.

தெருவை நோக்கிய திண்ணை. தாழ்ந்த கூரை தரும் நிழல். தரையில் பரப்பிய மணல். மாணவன் விரலால் மணலில் எழுதுவான், கையால் கலைப்பான், மீண்டும் எழுதுவான். மணலுக்குப் பின்னரே ஓலையும் எழுத்தாணியும். வல்ல மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளை ஆவான். அவன் உரக்கச் சொல்ல, ஏனையோர் ஒரே குரலாகத் திருப்பிச் சொல்வர். சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822-இல் கணக்கெடுக்கச் சொன்னபோது, மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள் இருந்ததாகத் தெரியவந்தது. அவற்றுள் பலவற்றுக்குத் தனிக் கட்டடம் என்று ஒன்று கிடையாது. ஆசிரியர் இருந்த இடமே பள்ளி.

திண்ணைக்குச் சுவர் இல்லை. வண்டியின் ஓசை உள்ளே வரும். வாய்பாட்டின் ஓசை வெளியே போகும். கண்ணைக் கவரும் ஆயிரம் காட்சிகளுக்கு நடுவே கருத்தைக் கட்டிப்போட உரத்த குரல் ஒன்றே கயிறு. எனவே திண்ணைக் கல்வி செவிக் கல்வி ஆயிற்று. மனப்பாடக் கல்வி ஆயிற்று. ஆனால் சுவரில்லாத அந்தத் திண்ணைக்கும் கண்ணுக்குத் தெரியாத சுவரொன்று இருந்தது. தெருவில் நடக்கவே உரிமை மறுக்கப்பட்டவனுடைய மகன், அத்தெருவின் திண்ணையில் ஏறுவது எங்ஙனம்? பெண் குழந்தை ஏறுவது எங்ஙனம்? செங்கல் சுவரையாவது இடிக்கலாம். இந்தச் சுவரை இடிக்க நூற்றாண்டுகள் வேண்டியிருந்தன.

இந்தத் திண்ணையை ஒருநாள் காலை குதிரைமீது சென்ற ஒருவர் கூர்ந்து நோக்கினார். அவர் ஆண்ட்ரு பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1787-இல் சென்னைக்கு வந்தவர். 1789-இல், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக எழும்பூரில் அமைந்த காப்பகத்தின் கண்காணிப்பாளர் ஆனவர். அவர் கண்டது 'மலபார்' பள்ளி ஒன்று. அந்நாளில் சென்னை ஆங்கிலேயர் தமிழரையும் அப்பெயராலேயே வழங்கினர். பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டவர், தம் காப்பகத்திலும் அவ்வாறே செய்யச் சொன்னார். அங்கிருந்த துணையாசிரியர்கள் ஆகாது என்றனர். உடனே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, சிறியவர்களுக்கு மணலில் எழுத்துக் கற்பிக்கச் செய்தார். சிறுவன் வென்றான். 1796-இல் தாயகம் திரும்பிய பெல், அடுத்த ஆண்டே அச்சோதனையைப் பற்றி இலண்டனில் நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயர் இங்கிலாந்தெங்கும் பரவியது!

பெருமிதத்தால் நெஞ்சு நிமிர்த்திக்கொள்ள வேண்டிய செய்திதான். ஆயினும் ஒரு நொடி பொறுத்து மேலே நோக்குவோம். பெல் எடுத்துச் சென்றவை இரண்டு: மணல் ஒன்று, சட்டாம்பிள்ளை மற்றொன்று. திண்ணையை எடுத்துச் செல்ல இயலுமா? இங்கிலாந்தின் குளிருக்குச் சுவர் வேண்டும், கூரை வேண்டும். ஆலைகள் பெருகி, ஏழைக் குழந்தைகள் நகரத் தெருக்களில் நிரம்பி வழிந்த காலம் அது. குறைந்த செலவில் நிறையப் பேருக்கு எழுத்தறிவு தரவேண்டும் என்றனர் கொடையாளர். அந்தத் தேவைக்கேற்பக் கட்டடம் எழுந்தது.

1798-இல் இலண்டன் நகரின் பரோ சாலையில் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர், இதே சட்டாம்பிள்ளை முறையைப் பெரிய அளவில் கையாண்டவர். பள்ளிக் கட்டடம் எவ்வாறு அமையவேண்டும் என்று அளவும் வகுத்தார். 70 அடி நீளமும் 32 அடி அகலமும் கொண்ட ஒரே கூடத்தில் 320 சிறுவர். கணக்கிட்டுப் பாருங்கள்: சிறுவன் ஒருவனுக்கு 7 சதுர அடி! கூடத்தின் ஒரு முனையில் மேடை, மேடைமீது ஆசிரியர். தரை பின்னோக்கிச் சற்றே உயர்ந்து செல்லும். ஏன்? கடைசி வரிசைச் சிறுவனின் கையசைவும் ஆசிரியர் கண்ணுக்குத் தப்பக்கூடாது என்பதற்காக. வரிசையின் ஓரத்தில் சட்டாம்பிள்ளை. சுவரோரத்தில் அரைவட்டக் குறிகள்; குழுக் குழுவாக அவற்றைச் சூழ நின்று, சுவரில் தொங்கும் அட்டையைப் படிக்கவேண்டும். தவறு செய்த பிள்ளையைக் கூடையில் வைத்துக் கூரையிலிருந்து தொங்கவிடும் தண்டனையையும் லங்காஸ்டர் வகுத்திருந்தார். கூரைகூட அங்கு ஓர் ஆசிரியர்தான்!

இந்தக் கூடத்தில் எதைக் கற்கலாம்? கட்டளைக்கு எழலாம், கட்டளைக்கு அமரலாம், சொன்னதைச் சொல்லலாம். கேள்வி கேட்க முடியுமா? யாரிடம் கேட்பது? சட்டாம்பிள்ளைக்குத் தெரிந்தது, காலையில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த அளவுதானே! முந்நூறு பேர் இரைச்சலில் ஒரு குழந்தையின் 'ஏன்?' என்ற குரல் எவர் செவியில் விழும்? ஆலைக்கு ஏற்ற கைகளை ஆக்கித் தரும் பணியை அக்கூடம் செவ்வனே செய்தது. நம் மணலும் நம் சட்டாம்பிள்ளையும் அங்கே இருந்தனர். ஆனால் கற்பித்தது கூடம்.

கூடம் அலுத்தது, அறை பிறந்தது. வயதுக்கேற்ற வகுப்பு, வகுப்புக்கோர் ஆசிரியர், ஆசிரியருக்கோர் அறை என்ற முறையைப் பிரஷ்ய நாட்டில் கண்டு வந்து புகழ்ந்தனர் அமெரிக்கக் கல்வியாளர். 1848-இல் பாஸ்டன் நகரில் திறக்கப்பட்ட குவின்சி பள்ளி பன்னிரண்டு வகுப்பறைகளோடு எழுந்தது. அறைக்கு ஏறத்தாழ 55 பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனி மேசை. 1870-இல் இங்கிலாந்தில் கல்விச் சட்டம் நிறைவேறிய பின், இலண்டன் பள்ளிக் குழுவின் கட்டடக் கலைஞரான இ. ஆர். ராப்சன் நகரெங்கும் உயர்ந்த சாளரங்கள் கொண்ட அடுக்குப் பள்ளிகளை எழுப்பினார். 1874-இல் பள்ளிக் கட்டடக் கலை பற்றி நூலும் எழுதினார். வெளிச்சம் இடப்புறத்திலிருந்து வரவேண்டும் என்ற விதி அக்காலத்தில் வேரூன்றியது. வலக்கையால் எழுதும் பிள்ளையின் ஏட்டில் கை நிழல் விழலாகாது என்ற நல்லெண்ணம் அதற்குக் காரணம்.

நல்லெண்ணத்தை நாம் மறுக்கவில்லை. முந்நூறு பேர் கூடத்தில் பெயரற்றிருந்த பிள்ளைக்கு, அறையில் பெயர் கிடைத்தது, அமைதி கிடைத்தது, அவன் கண்ணுக்கு மதிப்புக் கிடைத்தது. ஆனால் விளைவு என்ன? வெளிச்சம் இடப்புறமிருந்தே வரவேண்டுமானால், பிள்ளைகள் அனைவரும் ஒரே திசை நோக்கியே அமரவேண்டும். மேசையைத் தரையோடு திருகி இறுக்கிவிட்டனர். முன்னே ஆசிரியர், பின்னே வரிசை வரிசையாகத் தலைகள். ஒரு பிள்ளை நாள் முழுதும் பார்ப்பது ஆசிரியர் முகத்தையும் முன்னிருப்பவன் பிடரியையும்! தோழன் முகத்தைப் பார்த்தால் குற்றம், திரும்பினால் தண்டனை. கூடிக் கற்றல் என்பதைக் கட்டடமே தடுத்துவிட்டது.

இதை உணர்ந்தவர்களுள் ஒருவர் ஜான் டூயி. சிகாகோவில் சோதனைப் பள்ளி நடத்திய அவ்வறிஞர், குழந்தைகளுக்கேற்ற மேசை தேடிக் கடை கடையாக அலைந்த கதையை 1899-இல் வெளியான தம் நூலில் கூறுகிறார். ஒரு கடைக்காரர் உண்மையைப் போட்டுடைத்தாராம்: டூயி தேடுவது குழந்தைகள் வேலை செய்வதற்கான மேசை, கடையிலுள்ளவை யாவும் கேட்டுக்கொண்டிருப்பதற்கான மேசைகள்! பல்கலைக்கழகம் பல பேசியும் விளங்காதது, மேசை விற்றவர் வாயில் ஒரு சொல்லில் விளங்கிற்று.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1940-இல், அதே சிகாகோவுக்கு அருகில் வினெட்கா என்னும் ஊரில் குரோ ஐலண்ட் பள்ளி எழுந்தது. ஏலியல் சாரினனும் அவர் மகன் ஈரோ சாரினனும் பிற கலைஞர்களோடு சேர்ந்து அதனை வரைந்தனர். வரையுமுன் ஆசிரியர்களைக் கேட்டனர். வகுப்பில் அமர்ந்து பார்த்தனர். மேற்கூரையைத் தாழ்த்தினர், விளக்குச் சொடுக்கியைக் குழந்தையின் கைக்கு எட்டும்படி வைத்தனர், ஒவ்வோர் அறைக்கும் கைவேலை செய்ய ஒரு பகுதியும், வெளியே செல்லத் தனிக் கதவும் அமைத்தனர். பல்லாண்டுக் காலம் உலகக் கட்டடக் கலைஞர்க்கு அப்பள்ளி பாடமாயிற்று. அதன் கமுக்கம் மிகச் சிறியது: குழந்தையின் உயரத்தில் நின்று பார்த்துக் கட்டினர், அவ்வளவே!

மேலை நாட்டில் மேசையை எப்படிப் போடுவது என்று வாதாடிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே சிலருக்கு மேசையே மறுக்கப்பட்டது. சாத்தாரா நகரப் பள்ளியில் ஒரு சிறுவன், வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணித்துண்டை மூலையில் விரித்துத் தனியே அமர்ந்தான். தண்ணீர்க் குழாயை அவன் தொடக்கூடாது. பள்ளி ஊழியர் திறந்துவிட்டால் தண்ணீர், அவர் வராவிட்டால் தாகம். அந்தச் சிறுவனே பின்னாளில் அரசமைப்புச் சட்டத்தின் வரைவுக்குழுவுக்குத் தலைமை தாங்கிய டாக்டர் அம்பேத்கர். பாடநூல் அவருக்கும் பிறர்க்கும் ஒன்றே. ஆயின் அந்த மூலையும் அந்தக் குழாயும் நடத்திய பாடம் வேறல்லவா? அவரை நோக்கி, "நீ தாழ்ந்தவன்" என்றது மூலை. பெஞ்சில் இருந்தவனை நோக்கி, "நீ உயர்ந்தவன்" என்றது பெஞ்சு. இரண்டும் பொய். அந்தப் பொய்களை நாள்தோறும் ஓதியது பள்ளிக்கூடம்!

இழிவோடு நின்றதா? உயிரையும் கேட்டது. 2004 ஜூலை 16. குடந்தையில் ஒரு பள்ளிக் கட்டடம். மாடியில் கீற்றுக் கூரை. சமையற்கட்டில் பற்றிய தீ கூரைக்குத் தாவியது. இறங்குவதற்கோ குறுகிய படி. 94 குழந்தைகள் கருகினர். அதற்குப் பின்னரே பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. படிக்கட்டின் அகலம் பொறியாளர் கணக்கு என்று எவரேனும் இனிச் சொல்வாரேயானால், அந்த 94 பெயர்களை அவர்முன் படிக்கவேண்டும்.

அதே தமிழ்நாட்டில், அதற்கு ஓராண்டு முன்னர், நம்பிக்கை தரும் செயலொன்றும் நடந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பெற்றது. சுவரின் உச்சியிலிருந்த கரும்பலகையைக் கீழே இறக்கினர்! அறையைச் சுற்றிலும் தரையையொட்டித் தாழ்வான பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பங்கு. பாயில் அமர்ந்த பிள்ளைகளுக்கு நடுவே ஆசிரியரும் பாயில் அமர்ந்தார். பின்னர் 2007-இல் மாநிலம் முழுதும் அம்முறை பரவியது. பாடமுறைகள் மாறியிருக்கலாம், இனியும் மாறலாம். ஆயினும் சுண்ணாம்புக் கட்டி ஆசிரியர் கையிலிருந்து ஏழைப் பிள்ளையின் கைக்கு வந்ததே, அது சிறு செயலா? பலகை இரண்டு முழம் இறங்கியது, பிள்ளை உயர்ந்தான்.

இது வெறும் உணர்ச்சியுரை என்பார்க்கு ஒரு கணக்கும் உண்டு. இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் 27 தொடக்கப் பள்ளிகளின் 153 வகுப்பறைகளை அளந்து, 3,766 மாணவரின் முன்னேற்றத்தோடு ஒப்பிட்டு, 2015-இல் முடிவை வெளியிட்டனர். ஓராண்டில் மாணவரின் கல்வி முன்னேற்றத்தில் காணும் வேறுபாட்டில் 16 விழுக்காட்டை வகுப்பறையின் அமைப்பே விளக்குகிறது என்றனர். வெளிச்சம், காற்று, வெப்பம், இடத்தை மாற்றியமைக்கும் வசதி, 'இது என் அறை' என்ற உரிமையுணர்வு ஆகியவை முதன்மையானவை. சுவர் முழுதும் படங்களை அப்பி வைப்பதும் தீங்கே என்பதையும் அவர்கள் கண்டனர். ஆடம்பரம் வேண்டுவதில்லை, அறிவு வேண்டும்.

எனவே, ஊரில் புதிய பள்ளிக் கட்டடம் எழும்போது, அடிக்கல்லில் எவர் பெயர் பொறிப்பது என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். சாளரத்தின் வழியே காற்று வருமா, பலகை குழந்தையின் கைக்கு எட்டுமா, படிக்கட்டில் இருவர் இணைந்து இறங்கலாமா, தண்ணீர்க் குழாய் எல்லார்க்கும் ஒன்றுதானா, பெண் பிள்ளைக்குக் கழிப்பறை உண்டா, மூலையில் எவரேனும் தனித்து அமர்கின்றனரா என்று கேளுங்கள். மணலில் எழுதிய எழுத்தைக் கையால் கலைத்துவிடலாம். சுவர் எழுதும் எழுத்து ஒரு தலைமுறை நெஞ்சில் நிற்கும். "உன் இடம் இதுதான்" என்று அது சொல்லட்டும். ஆனால், அறை முழுவதையும் காட்டிச் சொல்லட்டும்!