ஜோகூர் நீரிணை: விடியுமுன் தீரும் உயிர்வாயு

ஜோகூர் நீரிணையில் மாலையில் துள்ளிய கூண்டு மீன்கள் காலையில் செத்து மிதப்பதுண்டு. நீரில் உயிர்வாயு தீர்ந்துபோவது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அதை உறிஞ்சுவது மீன்கள் மட்டுமல்ல. கண்ணுக்கே தெரியாத பிளாங்டன் எனும் மிதவை உயிரிகள்தாம் கரையோர நீரில் பெருமளவு சுவாசிக்கின்றன. தாவர வகைப் பிளாங்டன் பகலில் வெயிலைக் கொண்டு உயிர்வாயுவைத் தயாரிக்கும். இரவில் தயாரிப்பு நின்றுவிடும், சுவாசம் நிற்காது. விலங்கு வகைப் பிளாங்டனும் பாக்டீரியாவும் இரவு பகலாக உறிஞ்சும். அதனால் விடியலுக்குச் சற்று முன்புதான் உயிர்வாயு மிகவும் குறையும்.

சாக்கடையும் உரமும் கலந்து பிளாங்டன் பெருகினால் ஆபத்து. அவை கூட்டமாக மடிந்தாலோ இன்னும் மோசம். மக்கவைக்கும் பாக்டீரியா எஞ்சியதையும் தீர்த்துவிடும். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் தாங்கமாட்டா.

நீரோட்டம் இருந்தால் ஓரளவு ஈடுகட்டும். ஆனால் 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலம் பெயரில்தான் பாலம். கல்லைக் கொட்டி எழுப்பிய கரை அது. நீர் தாராளமாகப் பாய வழியில்லை.

2014, 2015ஆம் ஆண்டுத் தொடக்கங்களில் பிளாங்டன் பெருக்கத்தின்போது சிங்கப்பூர்ப் பண்ணைகள் நூற்றுக்கணக்கான டன் மீன்களை இழந்தன. சில வகைப் பிளாங்டன் மீனின் செவுளையே தாக்கும். அப்போது காற்றூட்டும் கருவி மட்டும் போதாது.