விலாசமும் வாரிசும்

வணிகர் தாம் வளர்த்த தாபனத்தைத் திறமைமிக்க அயலாரிடம் விடுவதினும், உறவினர் கையில் ஒப்புவிக்கவே விரும்புவதேன்? பாசம் என்று கூறிவிடுதல் எளிது. ஆயின், கொழும்புச் செட்டியார் தெருவிலே பல தலைமுறையாகக் கொடுக்கல் வாங்கல் நடாத்திய நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வரலாற்றை நோக்குவோமாயின், பாசத்தினும் வலிய காரணமொன்று நமக்குப் புலப்படும்.

அன்னாரின் கடைக்கு அடையாளம் விலாசம். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துக்களோடு முதலாளியின் பெயரெழுத்தையுங் கோத்து அஃது அமையும். அவ்வெழுத்துக்களை நம்பியே உண்டியல் செல்லுபடியாயிற்று. தந்தை பட்ட கடனை மகன் தீர்த்தல் வேண்டுமென்பது தருமசாத்திர விதி. இந்திய நீதிமன்றங்களும் அதனை ஏற்றிருந்தன. ஆகவே முதலாளி இறப்பினும் கடன் கொடுத்தவன் அஞ்சவில்லை, மகன் இருக்கின்றான். மகனில்லாத கடையை யார் நம்புவார்? இதனாற்றான் பிள்ளையில்லாதோர் தம் கோயிற் பங்காளிகளுள் ஒருவனைப் 'பிள்ளை கூட்டி'க் கொண்டனர். கணவனை இழந்த ஆச்சியும் அவ்வாறு கூட்டலாம். பிதிர்க்கடனோடு பணக்கடனும் அப்பிள்ளையின் தலையில் ஏறிற்று.

இரத்தவுறவு ஒன்றே போதுமென அவர்கள் கருதினரல்லர். கடல் கடந்த கடைகளைப் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையிற் சம்பளம் பேசிய மேலாட்களே நடாத்தினர். முதலாளியின் மைந்தனும் பெட்டியடிப் பையனாய், அடுத்தாளாய் இருந்து, ஐந்தொகை போடக் கற்ற பின்னரே பொறுப்பேற்பது வழக்கம். தந்தையின் ஆசனத்தில் நேரே சென்றமரும் இக்காலத்து மைந்தர் சிலர் இதனைக் கவனிப்பாராக.

பெயரை நம்பும் வணிகத்திலே ஆபத்தும் உண்டு. 1925ஆம் ஆண்டிற் கொழும்பில் ஒரு செட்டியார் கடை முறிய, ஆங்கில வங்கிகள் ஏனைய செட்டியார்களுக்கும் கடன் கொடுப்பதைச் சுருக்கின. ஒருவன் பிழை பலர் தலையில் விழுந்தது.

இங்கே நாம் கேட்கவேண்டியது மற்றொன்றுண்டு. மகளிர் நிலை யாது? 'ஆச்சிமார் பணம்' எனப்பட்ட சீதனப் பணம் கடைகளில் முதலாய் நின்று வட்டி ஈட்டியது. ஆனால் விலாசத்திலே ஆச்சியின் எழுத்து ஏறவில்லை. 2005ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்திருத்தம் மகளுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனோடொத்த உரிமை வழங்கிற்று. அதே திருத்தம், பின்னர்ப்படும் தந்தை கடனுக்கு மகனைப் பிணையாக்கும் பழைய விதியையும் நீக்கிற்று. மகனையே தேடவேண்டியிருந்த காரணம் அத்துடன் போயிற்றென்பது நமது எண்ணம். வழக்கமோ போகவில்லை. 1900ஆம் ஆண்டு பர்மாவின் மோல்மேனில் வட்டிக்கடையாகத் தொடங்கிய முருகப்பா குழுமத்திலே, காலஞ்சென்ற பங்காளி ஒருவரின் மகள் 2020இல் குடும்ப முதலீட்டுக் கம்பெனியின் இயக்குநர் சபையில் இடங் கோரினார். பங்குதாரர் வாக்கு அவருக்கு எதிராக விழுந்தது. 2023இலேதான் குடும்பத்தார் சமரசம் அறிவித்தனர்.